குணமாகாத கதாநாயகி

ஒரு சக்கர நாற்காலி மலைச் சரிவில் உருண்டு ஓடியது. பாறையில் மோதியது. சுக்குநூறாக உடைந்தது.

அதைத் தள்ளிவிட்டவன் பீட்டர். அவன் ஆடு மேய்க்கும் பையன். அந்த நாற்காலிக்குச் சொந்தக்காரி கிளாரா. அவள் பணக்கார வீட்டுப் பெண். அவளால் நடக்க முடியாது. தன் தோழி ஹைடியை இந்தப் பெண் பறித்துக்கொண்டாளே என்று பீட்டருக்குப் பொறாமை. அந்த ஆத்திரத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டான்.

பிறகு என்ன நடந்தது?

அன்றைய தினமே கிளாரா நடந்தாள்! ஒரு பக்கம் ஹைடி தாங்கினாள். இன்னொரு பக்கம் பீட்டர் தாங்கினான். கிளாரா ஓர் அடி வைத்தாள். பிறகு இன்னொரு அடி வைத்தாள். சில நாட்களில் அவளுடைய தகப்பனார் ஊரிலிருந்து வந்தார். தன் மகள் நடந்து வருவதைக் கண்டு திகைத்துப்போனார்.

இது "ஹைடி" என்ற கதையில் வரும் காட்சி. எழுதியவர் ஸ்விட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த யோஹன்னா ஸ்பைரி என்ற அம்மையார். 1880, 1881 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. உலகம் முழுவதும் குழந்தைகள் இதைப் படித்தார்கள். கிளாரா நடந்த இடத்தில் மகிழ்ந்தார்கள்.

ஆனால் அந்தக் குழந்தைகளில் சிலர் படுக்கையில் கிடந்தபடி படித்தவர்கள். மலைக்காற்று குடித்தாலும், ஆட்டுப்பால் குடித்தாலும் குணமாகாத வியாதிக்காரர்கள். அவர்களுக்கு இந்தக் கதை என்ன சொன்னது?

எழுந்து நடந்த மூவர்

கிளாராவைப்போல இன்னும் இருவர் உண்டு.

ஒருத்தி கேட்டி. அமெரிக்காவில் 1872-ல் வெளிவந்த "கேட்டி செய்தது என்ன?" என்ற கதையின் நாயகி அவள். எழுதியவர் சூசன் கூலிட்ஜ். கேட்டிக்கு 12 வயது. துடுக்குத்தனம் நிறைந்தவள். "அந்த ஊஞ்சலில் ஆடாதே" என்று அத்தை தடுத்தாள். ஏன் என்று காரணம் சொல்லவில்லை. கேட்டி கேட்கவில்லை, ஆடினாள். ஊஞ்சலைத் தாங்கிய கொக்கி விரிசல் விட்டிருந்தது. கேட்டி விழுந்தாள். முதுகெலும்பில் அடி. நான்கு ஆண்டுகள் அவளால் நடக்க முடியவில்லை.

படுக்கையில் கிடந்த கேட்டியைப் பார்க்க ஹெலன் என்ற உறவுக்காரப் பெண் வருகிறாள். அவளும் நோயாளிதான். வலியும் ஒரு பள்ளிக்கூடம், அதில் பொறுமையைப் படிக்கலாம் என்று அவள் கேட்டிக்குப் புத்தி சொல்கிறாள். கேட்டி மெல்ல மெல்ல நல்ல பெண்ணாகிறாள். வீட்டு நிர்வாகத்தைக்கூடப் படுத்தபடியே கவனிக்கிறாள். கடைசியில் எழுந்து நடக்கிறாள்.

இன்னொருவன் காலின். 1911-ல் புத்தகமாக வந்த "ரகசியத் தோட்டம்" என்ற கதையில் வருகிறான். எழுதியவர் பிரான்சஸ் ஹாட்ஜ்சன் பர்னெட். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் ஒரு பெரிய மாளிகை. அங்கே 10 வயதுப் பையன் காலின் அறையைவிட்டு வெளியே வருவதே இல்லை. தனக்குக் கூன் விழுந்துவிடும், சீக்கிரம் செத்துவிடுவோம் என்று பயந்து நடுங்குகிறான். இந்தியாவில் காலராவுக்குப் பெற்றோரைப் பறிகொடுத்த மேரி என்ற சிறுமி அந்த வீட்டுக்கு வருகிறாள். இரவில் அழுகைக் குரல் கேட்டு அவனைக் கண்டுபிடிக்கிறாள். பூட்டிக் கிடந்த ஒரு தோட்டத்துக்கு அவனை அழைத்துப் போகிறாள். அங்கே அவன் நடக்கிறான்.

மூன்று கதைகள். மூன்று குழந்தைகள். மூவரும் நடந்தார்கள்!

மூன்றும் நல்ல கதைகள்தான். இன்றைக்கும் விற்கின்றன. ஆனால் மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் புலப்படும். மனம் திருந்தினால் உடம்பு திருந்தும். சொன்னபடி கேட்டால் குணமாகும். நம்பினால் நடக்கலாம்.

அப்படியானால் நடக்காத குழந்தை? அது சரியாக நம்பவில்லையா? சொன்னபடி கேட்கவில்லையா? நோயும் போதாதென்று, அது தன் குற்றம்தானோ என்ற கவலையும் அந்தக் குழந்தையைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டே வழிகள்

எல்லாக் கதைகளிலும் குழந்தைகள் பிழைக்கவில்லை.

"சிறு பெண்கள்" என்ற கதையை லூயிசா மே ஆல்காட் 1868, 1869 ஆண்டுகளில் எழுதினார். நான்கு சகோதரிகளின் கதை. அதில் பெத் என்ற பெண் மிகவும் நல்லவள். ஏழைக் குடும்பத்துக்கு உதவப் போன இடத்தில் அவளுக்கு விஷக் காய்ச்சல் தொற்றுகிறது. அதிலிருந்து தப்புகிறாள். ஆனால் உடம்பு தேறவே இல்லை. இரண்டாம் பாகத்தில் இறந்துபோகிறாள்.

ஆக, அந்தக் காலத்துக் கதைகளில் நோயாளிக் குழந்தைக்குப் பெரும்பாலும் இரண்டே வழிகள். ஒன்று குணமாக வேண்டும். இல்லையென்றால் சாக வேண்டும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. நோய் போகாது, குழந்தையும் சாகாது. நோயோடு பள்ளிக்கூடம் போகும், சண்டை போடும், சிரிக்கும், வளரும். அந்த வழி கதையில் அபூர்வமாகத்தான் இருந்தது.

எழுதியவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. பல வியாதிகளில் நிஜ வாழ்க்கையிலும் அந்த வழி அன்று திறக்கவில்லை. ஒரு வியாதியில் அது திறந்த நாள் நன்றாகத் தெரியும்.

ஊசி வந்த நாள்

நாள்: 1922 ஜனவரி 11. இடம்: கனடா நாட்டில் டொராண்டோ நகர ஆஸ்பத்திரி.

லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையன் அங்கே கிடந்தான். அவன் எடை வெறும் 65 பவுண்டு. அதாவது 30 கிலோகூட இல்லை. அவனுக்கு நீரிழிவு நோய்.

நீரிழிவு என்றால் வயதானவர்களுக்கு வரும் சர்க்கரை வியாதி என்றே பலர் நினைக்கிறார்கள். குழந்தைகளுக்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் வேறு வகை. அதை முதல் வகை என்கிறார்கள்.

வயிற்றுக்குள் இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. அதுதான் இன்சுலின் என்ற பொருளைச் சுரக்கிறது. நாம் சாப்பிடும் சோறும் ரொட்டியும் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரை உடம்பின் தசைகளுக்குள் போகக் கதவைத் திறந்துவிடும் சாவிதான் இன்சுலின்.

முதல் வகை நீரிழிவில், கிருமிகளோடு போராட வேண்டிய உடம்பின் காவல் சக்தி தவறுதலாகக் கணையத்தையே தாக்குகிறது. இன்சுலின் சுரக்கும் இடம் அழிந்துவிடுகிறது. சாவி இல்லை. ரத்தம் நிறையச் சர்க்கரை, ஆனால் உடம்பு பட்டினி! குழந்தை சாப்பிட்டுக்கொண்டே இளைத்துப்போகும்.

மிட்டாய் தின்றதால் இது வருவதில்லை. பெற்றோர் செல்லம் கொடுத்ததாலும் வருவதில்லை. தொற்றிக்கொள்ளவும் செய்யாது.

1922-க்கு முன்னால் இந்தக் குழந்தைகளுக்கு மருந்து கிடையாது. டாக்டர்கள் உணவைக் குறைத்தார்கள். மேலும் குறைத்தார்கள். கொஞ்ச நாள் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு போய்விடும்.

டொராண்டோவில் பிரெடரிக் பான்டிங் என்ற டாக்டரும், சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவரும் 1921-ம் ஆண்டுக் கோடையில் நாய்களை வைத்து ஆராய்ச்சி செய்தார்கள். மக்லியாட் என்ற பேராசிரியரின் ஆராய்ச்சிக்கூடம் அது. கணையத்திலிருந்து ஒரு சாறு எடுத்தார்கள். அதைத்தான் லியோனார்டுக்கு ஊசி மூலம் போட்டார்கள்.

முதல் ஊசி சரியாகப் பலிக்கவில்லை. ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்தது. காலிப் என்ற விஞ்ஞானி இரவு பகலாக உழைத்து அந்தச் சாற்றைச் சுத்தப்படுத்தினார். ஜனவரி 23-ந் தேதி மறுபடி ஊசி போட்டார்கள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கியது! பையன் எழுந்து உட்கார்ந்தான்.

லியோனார்ட் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். 1935-ல் நிமோனியா காய்ச்சலில் இறந்தான்.

அந்த மருந்தின் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு 1 டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். 1923-ல் பான்டிங்குக்கும் மக்லியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பான்டிங் தன் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார். மக்லியாட் காலிப்புக்குக் கொடுத்தார்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்சுலின் நீரிழிவைக் குணமாக்கவில்லை. சாவை நிறுத்தியது. அவ்வளவுதான். ஊசியைத் தினமும் போட வேண்டும். வாழ்நாள் முழுவதும் போட வேண்டும். மூன்றாவது வழி திறந்தது இப்படித்தான்.

மறைத்த பெண்

அந்த வழியில் முதலில் நடந்தவர்களில் ஒருத்தி எலிசபெத் ஹியூஸ். அவள் தகப்பனார் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் அப்போது அமெரிக்காவின் வெளிநாட்டு மந்திரி. பின்னாளில் அந்நாட்டின் தலைமை நீதிபதியும் ஆனவர்.

எலிசபெத்துக்கு 11 வயதில், 1919-ல் நீரிழிவு என்று தெரிந்தது. மூன்று ஆண்டுகள் அரைப் பட்டினி. 1922 ஆகஸ்டில் அவளை டொராண்டோவுக்கு அழைத்துப் போனார்கள். அப்போது அவள் எடை 45 பவுண்டு. ஏறக்குறைய 20 கிலோ. 15 வயதாகும் பெண்ணுக்கு!

பான்டிங் இன்சுலின் போட்டார். எலிசபெத் சாப்பிட ஆரம்பித்தாள். தான் சாப்பிட்டதையெல்லாம் தாயாருக்குக் கடிதம் கடிதமாக எழுதினாள்.

அவள் படித்தாள். கலியாணம் செய்துகொண்டாள். மூன்று குழந்தைகளைப் பெற்றாள். 1981-ல், தன் 73-வது வயதில் காலமானாள். அதுவரை அவள் போட்டுக்கொண்ட ஊசிகள் சுமார் 42 ஆயிரம்!

ஆனால் அவளுக்கு ஊசி போடுவது நெருங்கியவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அவள் அதை மறைத்தாள். தகப்பனாரின் கடிதக் கட்டுகளில் தன் நோயைப்பற்றி இருந்த இடங்களைக்கூட நீக்கினாள். உலகமே வியந்த மருந்தால் பிழைத்தவள், அதை ஊரறியச் சொல்ல விரும்பவில்லை.

நோயாளிப் பெண் என்று பிறர் பார்க்கும் பார்வை அவளுக்கு வேண்டாம் என்றிருந்தது. அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்பது, நீண்ட நாள் நோயோடு வளர்ந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

சொன்ன பெண்

எலிசபெத் இறந்து ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 1986-ல் அமெரிக்காவில் ஒரு கதைப் புத்தக வரிசை வெளிவரத் தொடங்கியது. எழுதியவர் ஆன் எம். மார்ட்டின். வரிசையின் பெயர் "பேபி சிட்டர்ஸ் கிளப்".

பெற்றோர் வெளியே போகும்போது சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அந்த நாட்டில் பள்ளிக்கூடப் பெண்களைக் கூலிக்கு அமர்த்துவது வழக்கம். ஸ்டோனிபுரூக் என்ற கற்பனை ஊரில் நான்கு பெண்கள் சேர்ந்து அதற்கென்று ஒரு சங்கம் ஆரம்பிக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி ஸ்டேசி. வயது 12. நியூயார்க் பட்டணத்திலிருந்து புதிதாகக் குடிவந்தவள். நன்றாக உடுத்துவாள். கணக்கில் புலி.

அவளிடம் ஒரு மர்மம் இருந்தது. மிட்டாய் கொடுத்தால் தொடமாட்டாள். உடம்பு இளைக்கப் பத்தியம் என்பாள். அவளோ ஒல்லி! தோழிகளுக்குச் சந்தேகம் வருகிறது. அவள் சொல்வது பொய் என்று தெரிந்துவிடுகிறது. முதல் புத்தகம் முடிவதற்குள் ஸ்டேசி உண்மையைச் சொல்கிறாள். தனக்கு நீரிழிவு. தினமும் இன்சுலின் ஊசி.

அவள் ஏன் மறைத்தாள்? அதற்குப் பதில் மூன்றாவது புத்தகத்தில் இருக்கிறது. அதன் பெயர் "ஸ்டேசியைப் பற்றிய உண்மை". அதுவும் 1986-லேயே வந்தது.

நியூயார்க்கில் ஸ்டேசிக்கு லேன் என்ற உயிர்த்தோழி இருந்தாள். நோய் என்னவென்று தெரியாத நாட்களில், ஸ்டேசி ஒரு நாள் அவள் வீட்டில் படுத்துத் தூங்கினாள். தூக்கத்தில் படுக்கை நனைந்துவிட்டது. நீரிழிவின் அறிகுறி அது. சிறுமிகளுக்கு அது எப்படித் தெரியும்? நட்பு முறிந்தது. தோழிகள் விலகினார்கள். புதிய ஊருக்கு வந்தவள், வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது என்று முடிவு செய்தாள்.

இதைப் படித்த குழந்தைகள் பலர், முதல் முறையாகத் தங்கள் கதையை ஒரு புத்தகத்தில் பார்த்தார்கள். ஊசி வலி அல்ல பெரிய வலி. தோழி விலகிய வலிதான் பெரிய வலி.

டாக்டர் தேடும் பெற்றோர்

அந்தப் புத்தகத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது பெற்றோர் படிக்க வேண்டிய இடம்.

ஸ்டேசியின் தாய் தகப்பனாருக்கு மகள்மேல் உயிர். அதனால்தான் தொல்லை! ஒரு டாக்டர் போதவில்லை. இன்னொருவர். அவரும் போதவில்லை. மற்றொருவர். கடைசியில் தொலைக்காட்சியில் பேசிய ஒரு புதுமாதிரி வைத்தியரிடம் மகளை அழைத்துப் போக ஏற்பாடு செய்கிறார்கள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, நாள் கணக்கில் பரிசோதனை.

ஸ்டேசிக்கு இது பிடிக்கவில்லை. அவள் அழுது புரளவில்லை. ஓடிப்போகவுமில்லை. ஒரு காரியம் செய்தாள்.

அவள் பார்த்துக்கொள்ளும் ஒரு குழந்தையின் தாயார் டாக்டர். அவரிடம் போய் யோசனை கேட்டாள். அவர் உதவியோடு நியூயார்க்கில் ஒரு நல்ல டாக்டரைப் பார்க்க நேரம் குறித்தாள். பெற்றோரை அங்கே அழைத்துப் போனாள். இப்போது நடக்கும் வைத்தியமே சரியானது, அதை மாற்ற வேண்டாம் என்று அந்த டாக்டர் பெற்றோரிடம் எடுத்துச் சொன்னார்.

12 வயதுப் பெண் தன் உடம்பைப்பற்றித் தானே பேசுகிறாள். தன் வைத்தியத்தில் தனக்கும் ஒரு குரல் வேண்டும் என்கிறாள். அதே சமயம் வைத்தியத்தை உதறவில்லை. சரியான டாக்டரிடமே போகிறாள்.

நீண்ட நாள் நோய் உள்ள வீடுகளில் இந்தக் காட்சி புதிதல்ல. அந்த ஊரில் ஒருவர் வேர் கொடுக்கிறாராம், இந்த ஊரில் ஒருவர் ஊசியே வேண்டாம் என்கிறாராம் என்று யாராவது வந்து சொல்வார்கள். பாசம் கண்ணை மறைக்கும். முதல் வகை நீரிழிவில் இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. சில நாட்களிலேயே குழந்தை மயங்கி விழும். கதையாக இருந்தாலும் ஸ்டேசி கற்றுக்கொடுத்த பாடம் உண்மையானது.

கடைசி வரை குணமாகவில்லை

இந்த வரிசைப் புத்தகங்கள் 2000-ம் ஆண்டு வரை வந்தன. 17 கோடிக்கு மேல் பிரதிகள் விற்றன. 2006-ல் மூன்றாவது கதை சித்திரக் கதையாக வந்தது. 2020-ல் தொடராகவும் படம் பிடித்தார்கள்.

இத்தனை புத்தகங்களிலும் ஸ்டேசிக்குக் குணமாகவே இல்லை!

அவள் கணக்குப் போட்டாள். நியூயார்க் போனாள். தாய் தகப்பனார் பிரிந்தபோது அழுதாள். தோழிகளோடு சண்டை போட்டாள். 1991-ல் வந்த ஒரு புத்தகத்தில், கவனக்குறைவாலும் கவலையாலும் சர்க்கரை கட்டுக்கடங்காமல் போய் ஆஸ்பத்திரியில் படுத்தாள். பிறகு எழுந்து வந்தாள். ஊசி மட்டும் நிற்கவில்லை.

அந்தப் புத்தகங்களில் வரும் வைத்திய விவரங்களில் சில இன்று பழசாகிவிட்டன. அன்று இனிப்பே கூடாது என்றார்கள். இன்று, சாப்பிடும் அளவுக்கு ஏற்ப இன்சுலினைக் கணக்கிட்டு, டாக்டர் சொல்படி அளவோடு சாப்பிடலாம் என்கிறார்கள். தோலில் ஒட்டிக்கொண்டு சர்க்கரை அளவைக் காட்டும் சிறு கருவி வந்திருக்கிறது. இடுப்பில் மாட்டும் இன்சுலின் பம்பும் வந்திருக்கிறது. 2020 தொடரில் வரும் ஸ்டேசி அந்தப் பம்பைத்தான் அணிந்திருக்கிறாள்.

எழுதியவரே நோயாளி

நோயைப் பார்த்து எழுதியவர்கள் உண்டு. நோயோடு வளர்ந்து எழுதியவரும் உண்டு.

ரோஸ்மேரி சட்கிளிப் 1920-ல் இங்கிலாந்தில் பிறந்தார். தகப்பனார் கடற்படை அதிகாரி. மிகச் சிறு வயதிலேயே ரோஸ்மேரியைக் கடுமையான மூட்டு வியாதி பிடித்துக்கொண்டது. ஸ்டில் நோய் என்று அதற்குப் பெயர். கையும் காலும் கோணின. ஆஸ்பத்திரியும் அறுவைச் சிகிச்சையுமாகக் குழந்தைப் பருவம் கழிந்தது. பிற்கால வாழ்வின் பெரும்பகுதி சக்கர நாற்காலியில் போயிற்று.

9 வயது வரை அவர் தானாகப் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. தாயார் பக்கத்தில் உட்கார்ந்து கதை படித்துக் காட்டினார். பழைய வீரர் கதைகள், நாடோடிக் கதைகள். 14 வயதில் பள்ளிப்படிப்பு முடிந்தது. ஓவியப் பள்ளியில் சேர்ந்து சிறு சித்திரங்கள் தீட்டினார். பிறகு எழுத ஆரம்பித்தார். 1950-ல் முதல் புத்தகங்கள் வந்தன. பிள்ளைகளுக்கான சிறந்த புத்தகத்துக்கு இங்கிலாந்தில் கொடுக்கும் கார்னகி பதக்கம், 1959-ல் அவர் எழுதிய கதைக்குக் கிடைத்தது.

1958-ல் அவர் எழுதிய "வாரியர் ஸ்கார்லெட்" என்ற கதையில் டிரெம் என்று ஒரு பையன் வருகிறான். மிகப் பழைய காலம். வெண்கல ஆயுதங்கள் செய்த காலம். அந்தக் குலத்தில் ஓநாயைத் தனியாகக் கொன்றவனுக்குத்தான் வீரன் என்று சிவப்பு ஆடை கொடுப்பார்கள். டிரெமுக்கு வலது கை சூம்பிப்போனது. ஈட்டி பிடிக்க வேண்டிய கை! இந்தப் பையன் எங்கே வீரனாகப் போகிறான் என்று தாத்தா பேசுவது அவன் காதில் விழுகிறது.

தலோர் என்ற வேட்டைக்காரன் அவனுக்குத் துணை நிற்கிறான். தலோருக்கும் ஒரு கைதான். டிரெம் இடது கையால் ஈட்டி எறியப் பழகுகிறான்.

இங்கே பழைய கதையாக இருந்தால், சோதனை நாளில் அவன் வென்றிருப்பான். இவனோ தோற்கிறான்! குலத்தைவிட்டு வெளியேறி ஆடு மேய்க்கப் போகிறான். பின்னொரு நாள் பனிக்காலத்தில், ஆடுகளைக் காக்கும்போது ஓநாயோடு போராடிக் கொல்கிறான். அப்போதுதான் சிவப்பு ஆடை கிடைக்கிறது. சூம்பிய கை, கடைசிப் பக்கத்திலும் சூம்பிய கைதான்.

ரோஸ்மேரி 1992-ல் காலமானார். தன் வீரர்களுக்கு அவர் மந்திர வைத்தியம் செய்யவே இல்லை.

அதே கேட்டி, வேறு முடிவு

ஊஞ்சலிலிருந்து விழுந்த கேட்டியை நினைவிருக்கிறதா?

143 ஆண்டுகள் கழித்து, 2015-ல், ஜாக்குலின் வில்சன் என்ற இங்கிலாந்து எழுத்தாளர் அந்தக் கதையை இந்தக் காலத்துக்கு ஏற்ப மறுபடி எழுதினார். அதே துடுக்குப் பெண். அதே விழுதல். அதே முதுகெலும்பு அடி. ஆனால் இந்தக் கேட்டி எழுந்து நடக்கவில்லை. முதலில் ஆத்திரப்படுகிறாள். கத்துகிறாள். பிறகு சக்கர நாற்காலியிலேயே பள்ளிக்கூடம் போகிறாள்.

2016-ல் ரெய்னா டெல்கிமயர் "ஆவிகள்" என்ற சித்திரக் கதையை வெளியிட்டார். அதில் மாயா என்ற சின்னப் பெண்ணுக்குச் சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய். நுரையீரலில் கெட்டிச் சளி அடைத்துக்கொள்ளும். கடற்கரை ஊரின் காற்று நல்லது என்று குடும்பமே வீடு மாறுகிறது. அக்காள் கட்ரினாவுக்குப் பழைய ஊரைவிட்டு வர மனமில்லை. தங்கைமேல் பாசம். தங்கையால் எல்லாம் போயிற்றே என்ற மனத்தாங்கல். அப்படி நினைத்துவிட்டோமே என்ற வெட்கம். மூன்றும் அவளிடம் இருக்கின்றன.

நோயாளிக் குழந்தை உள்ள வீட்டில் இன்னொரு குழந்தையும் இருக்கும். அதன் மனத்தை யாரும் கேட்பதில்லை. அந்தக் கதை கேட்டது.

மாயாவுக்கும் கதையில் குணமாகவில்லை. கதை வந்து மூன்றாண்டுகளில், 2019-ல், இந்த நோயின் மூல காரணத்தையே தொட்டு வேலை செய்யும் ஒரு புதிய மருந்துக் கூட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் நோயை அடியோடு ஒழிப்பதில்லை. எல்லா நோயாளிகளுக்கும் அது பொருந்துவதுமில்லை. ஆனால் பலருக்கு மூச்சு இலகுவாகியிருக்கிறது.

பெற்றோர் கவனிக்க

இந்தக் கதைகளைப் படித்தவர்கள் ஒன்றை நினைவில் வைப்பது நல்லது. ஸ்டேசிக்கு நோய் வந்தபோது தெரிந்த அறிகுறிகள்தான் நிஜக் குழந்தைகளுக்கும் தெரியும்.

தீராத தாகம். அடிக்கடி சிறுநீர். நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைத்தல். ஓயாத களைப்பு. படுக்கையை நனைக்கும் பழக்கம் விட்டுப்போன குழந்தை மறுபடி நனைத்தல்.

இவற்றைக் கண்டால் திட்டக்கூடாது. அடிக்கவும் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒரு துளி ரத்தத்தில் விஷயம் தெரிந்துவிடும். வாந்தியும் மூச்சு வாங்கலும் சேர்ந்துவிட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக்கூடாது.

நோய் உள்ள குழந்தைக்குக் கதை வாங்கிக்கொடுப்பவர்கள், கடைசிப் பக்கத்தை ஒரு முறை பார்த்துவிடலாம். கிளாரா நடக்கட்டும், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் நடக்காத ஒருத்தியின் கதையும் பக்கத்தில் இருக்கட்டும். நோயில்லாத குழந்தைகளும் அதைப் படிக்கட்டும். லேனைப்போல விலகாமல் இருக்க அது உதவும்.

கிளாடியாவின் அறை

ஸ்டேசியின் சங்கம் வாரத்தில் மூன்று நாள் கூடும். திங்கள், புதன், வெள்ளி. மாலை 5.30 மணி. இடம் கிளாடியாவின் அறை. அவளிடம்தான் தனி டெலிபோன் உண்டு.

கிளாடியா மிட்டாய்ப் பைத்தியம். வீட்டில் திட்டுவார்கள் என்று அறையெங்கும் ஒளித்து வைத்திருப்பாள். கூட்டம் தொடங்கும்போது ஒவ்வொன்றாக வெளியே வரும்.

ஸ்டேசி மிட்டாயைத் தொடமாட்டாள் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். கிளாடியா அவளுக்கென்று தனியாக உப்புப் பிஸ்கட் வாங்கி வைத்திருக்கிறாள். அதை எடுத்து நீட்டுகிறாள். ஸ்டேசி வாங்கிக்கொள்கிறாள். யாரும் அதைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

டெலிபோன் மணி அடிக்கிறது. யார் வீட்டிலோ குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். ஸ்டேசி போகிறாள்.